வெட்டப்பட்ட மேல்வரி

யாரும் தொடாமலே இடப்பக்கமாகப் போகிறது அக்கா, சும்மா மேசைமேல் வைத்திருந்தால்கூட கேமில் இருக்கிற ஆள் தானாக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்து சாகிறான் என்று பெனிட்டா சொன்னபோது அது வெறும் ரிப்பேர் விவரமாகத்தான் இருந்தது, கடைக்காரப் பெண்ணும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள், "ஜாய்ஸ்டிக்கு தேஞ்சிருக்கும், மாத்திரலாம், முக்கா மணி நேரம் ஆவும், இருக்கியா, போயிட்டு வாறியா?" என்றபடியே வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்தப் பழைய கையடக்கக் கேம் பெட்டியின் முதுகில் ஒட்டினாள், பேரு என்றாள், பெனிட்டா என்றதும் எழுதினாள். இருக்கேன் என்று சொன்னதுதான் வினை. போயிட்டு வாரேன் என்று சொல்லியிருந்தால் ஜங்ஷனில் ஒரு ஜூஸ் குடித்திருக்கலாம், வெயிலைத் திட்டியிருக்கலாம், ஒரு மணிக்குத் திரும்பி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு காலேஜ் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம், சுவரைப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தாள், அந்தப் பெண் உருப்பெருக்கி விளக்கை இழுத்து முகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள், முக்காட்டின் நுனியைக் கழுத்தோரம் செருகிக்கொண்டாள், முதல் திருகாணியைக் கழற்றி ஒரு காகிதத்தில் வைத்தாள், காகிதத்தில் ஏற்கெனவே பெட்டியின் வடிவம் வரைந்திருந்தது, எந்த மூலையில் எடுத்ததோ அந்த மூலையில் வைத்தாள். எவ்வளவு ஒழுங்கு என்று பெனிட்டா நினைத்தாள். நம் லேபில் பயல்கள் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு தேடுவார்கள், ஆனால் லேபில் ஆறு மணிக்குமேல் இருக்கக் கூடாது என்கிற சட்டம் பெண்களுக்கு மட்டும்தான், ஏன் சார், ஆறு மணிக்குமேல் சர்க்யூட் எங்களைக் கடிக்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டவள் அவள்தான், மனுவில் முதல் கையெழுத்து அவளுடையதுதான், இந்த நினைப்பு சுகமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படம் கண்ணில் பட்டது.

ஒரு சர்க்யூட் போர்டின் மங்கலான படம், ஏ-ஃபோர் தாளில் அச்செடுத்தது. சார்ஜ் ஓட்டையின் மேல் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு, பக்கத்தில் 8.9 என்று எழுத்து. நடுச் சிப்பின் நான்கு பக்கமும் சிவப்புக் கோடு. ஃபேனைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பெனிட்டாவுக்கு அந்தக் கேள்விக்குறியைத் தெரியும், அதன் வால் கொஞ்சம் நீளமாக இழுபட்டு ஃபேனுக்கு வெளியே வந்திருப்பதும் தெரியும், ஏனென்றால் அந்த வாலை வைத்து அவளே ஒரு கேலி எழுதியிருந்தாள், மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு குரூப்பில், நானூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். இருக்காது. நெட்டில் கிடைத்ததை யாரும் அச்செடுத்து ஒட்டலாம். ஒட்டலாம், ஆனால் இது அச்சில் வந்த சிவப்பு இல்லையே, பேனா அழுத்தித் தாள் பள்ளமாகியிருக்கிறதே. அப்படியென்றால் இதுதான் மூலம். அப்படியென்றால் அந்தக் குரூப்பில் ஈயம் என்ற பெயரில் எழுதுகிற ஆள் இந்தப் பெண்தான். ஈயம் என்ற பெயருக்குப் பின்னால் அவள் கற்பனை செய்து வைத்திருந்தது நாற்பத்தைந்து வயசு ஆள், தொப்பை, தெரிந்ததுபோல் பேசுகிற வாய், பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்று சொல்லுகிற ஜாதி. அந்த ஆளைத்தான் அவள் அடித்தாள். அந்த ஆள் இல்லவே இல்லை. அடி மட்டும் இருக்கிறது.

கைப்பெட்டி என்று ஒரு குரூப், டெலிகிராமில், நாலாயிரம் பேர், எல்லாம் கையில் பிடித்து ஆடுகிற கேம் பெட்டிகளைப் பற்றியே பேசுகிற கூட்டம், இப்போது ஆறு மாதமாக வரப்போகிற புதுப் பெட்டி ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அதனால் கசிந்த படம், கசிந்த பட்டியல், எவனோ தொழிற்சாலையில் எடுத்தது என்று ஒன்று, இவற்றை வைத்து அதன் சக்தி எவ்வளவு இருக்கும் என்று சண்டை. சக்தியை டெராஃப்ளாப்பில் அளப்பார்கள், நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குப் போட்டால் ஒரு டெராஃப்ளாப், அது கூடினால் படம் நிஜம்போல் இருக்கும், குறைந்தால் பொம்மைபோல் இருக்கும், இதற்காக நாலாயிரம் பேர் சாப்பாடு ஆறிப்போக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அவள் சொந்தப் பெயரில்தான் சேர்ந்தாள். சிப்பின் கடிகார வேகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள், ஐடி பொண்ணு பேரா இருக்கே ஃபேக்கா என்றான் ஒருத்தன், நெஜமாவே பொண்ணுன்னா போட்டோ போடு என்றான் இன்னொருத்தன், கேள்விக்குப் பதில் வரவில்லை. வெளியேறி வேந்தன் என்ற பெயரில் திரும்பி வந்து அதே கேள்வியை அப்படியே ஒட்டினாள், ப்ரோ செம கேள்வி ப்ரோ என்று பதினாறு பதில். அன்றைக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அதை இன்றைக்கும் எந்த மேடையிலும் வாதாடுவாள். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்கினாள் என்பதுதான். கோபம் நியாயமானது என்றால் அதை எங்கே இறக்கினாலும் நியாயமா, யுவர் ஆனர். இல்லை. தெரியும். தெரிந்து என்ன.

ஈயம் எழுதியது இதுதான்: சார்ஜ் ஓட்டை எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு, ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதை ஸ்கேலாக வைத்து அளந்தால் நடுச் சிப் பெரியது, பெரிய சிப் என்றால் பழைய முறையில் செய்தது, சூடு அதிகம், இந்தக் குட்டி ஃபேன் அந்தச் சூட்டைத் தள்ளாது, ஆகவே கையில் வைத்து ஆடும்போது வேகத்தைக் குறைத்தே ஆகணும், ஒன்றரைக்குமேல் எதிர்பார்க்காதீங்க. ஒன்றரையா! குரூப்பே கொதித்தது. அப்போதுதான் வேந்தனுக்கு அந்தக் கசிந்த பட்டியல் கிடைத்தது, ஆங்கிலத் தளம் ஒன்றின் மூலையில். ஆயிரத்து இருநூற்று எண்பது கோர், ஆயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ், பெருக்கு, இரண்டால் பெருக்கு, மூன்றரைக்கு மேல். போனில் பெரிதாகத் தெரியட்டும் என்று எண் இருந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டாள், இது சத்தியம், முதலில் வெட்டியது அதற்காக மட்டும்தான், இதை யார் கேட்டாலும் சொல்லுவாள், யாரும் கேட்கவில்லை. கையில் வைத்து ஆடும்போதே மூன்றரை, சாலிடர் பிடிக்கிறவங்க சிலிக்கான் பேச வேண்டாம் என்று எழுதினாள். சாலிடர் பிடிக்கிறவங்க. மரியாதையாக வேறு எழுதினாள். அரைமணி நேரம் கழித்து, பல் தேய்த்துக்கொண்டே முழுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மேலே ஒரு தலைப்பு வரி இருந்தது, இரண்டு பத்தி, இடது பத்தி கையில், வலது பத்தி தொட்டிலில், அதாவது டீவியோடு இணைத்துத் தொட்டிலில் வைத்தால், அவள் வெட்டிப் போட்டது தொட்டிலின் எண். கையின் எண் அறுநூறு மெகாஹெர்ட்ஸ். அறுநூறைப் பெருக்கினால் ஒன்றரை. பேஸ்ட் நுரை கையில் வழிந்தது. அப்போதே எழுதியிருக்கலாம், தப்பு என்னுது, ஈயம் சரி என்று நாலு வார்த்தை. ஆனால் அதற்குள் ஈயம் உருகிடுச்சு என்று ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள், வேந்தன் அண்ணன் வாழ்க என்று ஒருவன் எழுதிவிட்டான், நாலு வார்த்தைதான், நாலையும் தட்டிவிட்டு அழித்தாள். அப்புறம் ஈயம் கேட்டது, வேந்தன், முழுப் படத்தையும் போடுங்களேன், மேலே ஒரு வரி இருக்குமே. அவள் எழுதினாள்: படம் அவ்வளவுதான்.

"யாரும் இல்லையாம்மா கடையில?" என்று ஒரு குரல் வந்து மேலே விழுந்தது. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி வைத்த ஒரு மனிதர், கையில் நொறுங்கிய போன். "நான் இருக்கேன், சொல்லுங்க" என்றாள் கடைக்காரப் பெண், தலை நிமிராமல். "இல்லம்மா, வேலை பாக்கிறவரு?" "வேலைதான் பாத்துக்கிட்டிருக்கேன், தெரியலியா?" "இது கொஞ்சம் நுணுக்கமான வேலை, அதான் கேட்டேன், ஆம்பள யாரும்..." பெனிட்டாவுக்கு எழுந்ததே தெரியவில்லை, எழுந்துவிட்டாள், "ஏன் சார், போன் ஆம்பளப் போனா? பொம்பள தொட்டா ஸ்விட்ச் ஆன் ஆவாதா? நுணுக்கமான வேலைன்னுதானே அவங்க செய்யாங்க, உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். அவர் திகைத்துப்போய், "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே, அப்புறமா வாரேன்" என்று தெருவைப் பார்த்து நகர்ந்தார். "ஏ பிள்ள, வந்த கிராக்கியை வெரட்டிட்டியே" என்று சிரித்தாள் அந்தப் பெண், ட்வீசரோடு கையை ஆட்டி, "ஆனா நல்லாக் கேட்ட. எம் பேரு ஜரீனா. உன்னைய மாதிரி ஒரு ஆளு கடையில நின்னா நான் எதுக்கு வாயத் தொறக்கேன்?" பெனிட்டா உட்கார்ந்தாள். காது சுட்டது. இப்போது பேசியது யார். இப்போது பேசியவள்தான் அங்கேயும் பேசினாளா, அதே வேகம், அதே மூச்சுவிடாத வாய், அந்த மனிதராவது ஆம்பள யாருமில்லையா என்று நேரில் கேட்டுவிட்டுப் போய்விட்டார், நொறுங்கிய போனைத் தூக்கிக்கொண்டு, அவள் ஆம்பளையாகவே வேஷம் போட்டுக்கொண்டு வந்து இந்தப் பெண்ணின் பேனாக்கோட்டைப் பார்த்துச் சிரித்தவள். அவருக்கு அந்த ஊசிக் கேள்வி. உனக்கு?

போன் தொடையில் நடுங்கியது. கோமு. கோமதிநாயகம், குரூப்பின் அட்மின், வண்ணார்பேட்டைப் பையன், தங்கமானவன், அதுதான் கஷ்டமே. வேந்தா, முதல் திறப்புக்கு என்னென்ன டூல் வேணும், லிஸ்ட் போடு தலைவா, இன்னும் ஆறே வாரம். குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு, புதுப் பெட்டி எது வந்தாலும் முதலாவதாக ஊருக்கு வருகிற பெட்டியை ஒருவர் எல்லோரும் பார்க்க நேரலையில் பிரித்துக் காட்டுவார், உள்ளே என்ன இருக்கிறது, யார் சொன்னது சரி என்று அங்கேயே தெரிந்துபோகும், அதற்கு முதல் திறப்பு என்று பெயர், நாலு வருஷமாக அது ஈயத்தின் வேலை, கை மட்டும்தான் தெரியும், கறுப்பு உறை போட்ட கை, பேச்சே இல்லை, கீழே எழுத்து மட்டும் ஓடும், அந்தக் கையின் அழகைப் பற்றி ஒருமுறை அவளே எழுதியிருக்கிறாள். உறைக்குள் இருந்த விரல்கள் இவை. சின்ன விரல்கள், கட்டை விரலில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு, இப்போது அவளுடைய பெட்டியின் தேய்ந்த ஸ்டிக்கின் காலை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி விடுவித்துக்கொண்டிருக்கும் விரல்கள். படம் அவ்வளவுதான் என்று அவள் எழுதிய மறுநாள் கோமு ஈயத்தின் பெயருக்குப் பக்கத்தில் டுபாக்கூர் என்று பட்டம் போட்டான், குரூப் விதி, ஆதாரத்தை மறுத்துப் பேசினால் பட்டம், ஈயம் மேலும் இரண்டு நாள் அளவு, அளவு என்று எழுதிப் பார்த்தது, மூன்றாம் நாள் வெளியே எடுத்துவிட்டார்கள், முதல் திறப்பு வேந்தனுக்கு வந்தது. திருகாணி எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று இரண்டு முறை யோசிக்கிற வேந்தனுக்கு. சாலிடருக்குத் தடவும் ஃப்ளக்ஸ் பசையின் புகை மூக்கில் ஏறியது, சாம்பிராணி மாதிரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டிருப்பதுபோல, பாவசங்கீர்த்தனக் கூண்டில் பலகைக்கு இந்தப் பக்கம் வாய், அந்தப் பக்கம் காது, முகம் தெரியாது, அது எவ்வளவு வசதி, சின்ன வயதில் மூன்று பொய் சொன்னேன் சாமி என்று ஒரு தொகையாகச் சொல்லிவிட்டு எந்தெந்தப் பொய் என்று சொல்லாமல் தப்பித்துவிடலாம். இங்கே பலகை இல்லை. இங்கே உருப்பெருக்கி வைத்திருக்கிறாள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குள் இருந்த வக்கீல் எழுந்து கேட்டான், ஆறு வாரத்தில் பெட்டி வரும், உண்மை தானாகத் தெரியும், ஈயம் சொன்னது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், நீ தவறிவிட்டாய் என்பார்கள், தவறுவது குற்றமில்லை. நல்ல வாதம். ஆனால் ஆறு வாரம் கழித்து ஒப்புக்கொள்ள ஈயம் அங்கே இருக்காதே. தவறியது குற்றமில்லை, தெரிந்த பிறகு வெட்டிய படத்தை வெட்டியபடியே விட்டதுதானே. "அது என்ன படம்க்கா?" என்று கேட்டது அவளுடைய வாய்தான், தானாக, யாரும் தொடாமல். "அதுவா" என்றாள் ஜரீனா, புது ஸ்டிக்கை வைத்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டே, "வரப்போற பெட்டியோட போர்டு. ஒரு குரூப்புல அளந்து போட்டேன், அடிச்சு வெரட்டிட்டானுவ. அந்தப் பயலுவளச் சொல்லிக் குத்தமில்ல, அவனுவளுக்குப் பெரிய நம்பர் வேணும். வேந்தன்னு ஒருத்தன் உண்டு, நல்ல மண்டை, கோவக்காரன், ஆனா கணக்கு சுத்தமா இருக்கும். அவன் எப்படித் தப்பா எழுதுனான்னுதான் எனக்கு இன்னைக்கும் வெளங்கல. ஒருவேள நான்தான் தப்போன்னு தெனம் ஒருக்கா அதை அளந்து பாக்கேன்." தினம் ஒருமுறை. அப்படியென்றால் தாளில் இருக்கும் அந்தப் பள்ளம் ஒரு நாளில் விழுந்ததில்லை. தினமும் ஒரே கோட்டின்மேல் பேனா.

"அக்கா, வேந்தன் ஆம்பள இல்ல" என்றாள் பெனிட்டா. குரல் யாருடையதோபோல் இருந்தது. "மேல ஒரு வரி இருந்துச்சு. நீங்க கேட்டீங்கல்லா. இருந்துச்சு. தெரிஞ்சுதான் இல்லைன்னேன்." ஜரீனா சாலிடர் கோலைத் தாங்கியில் வைத்தாள், மெதுவாக, சத்தம் வராமல். டேப்பில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்க்காமல் கையை நீட்டினாள், "முழுப் படம் இருக்கா? காட்டு." போனை வாங்கி உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தாள், உதடு கணக்குப் போட்டது. "அறுநூறா! நான் ஐநூத்தம்பதுன்னுல்லா நெனச்சேன். ஃபேனைக் கொறச்சு எடைபோட்டுட்டேன்" என்றாள், ஒரு கணம் முகம் முழுக்க வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் பெனிட்டாவுக்கு இடமே இல்லை, அது அறுநூறுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. பிறகு அது அணைந்தது. "எங்கிட்டச் சொல்லிட்டேல்லா, ஒனக்கு இப்ப லேசா இருக்கும்." "இல்லக்கா..." "இருக்கும். எனக்கு என்ன ஆச்சு? நாலு வருஷமா அந்தக் கையை எவனும் பொம்பளக் கையின்னு கண்டுபிடிக்கல, அதுல எனக்கு ஒரு கெத்து. அதைப் புடுங்கிட்டுப் போயிட்டு இங்க வந்து ஸ்டூல்ல உக்காந்து சொல்லுத. வெட்டுனது எங்க? அங்க போயி ஒட்டு."

பெனிட்டா ஒட்டினாள். முழுப் படம், மேல்வரியோடு, கீழே நாலு வார்த்தை, தப்பு என்னுது, ஈயம் சரி. மூன்று வாரமாக எழுதாமல் கிடந்தவை இரண்டு நொடியில் போய்விட்டன, இவ்வளவுதானா என்று ஒரு சின்ன ஏமாற்றம்கூட வந்தது, அதற்குள் பதில்கள் வரத் தொடங்கின. தலைவா என்ன காமெடி. எடிட் பண்ண படம்டா, மேல் வரி ஃபான்ட்டப் பாருங்க. வேந்தன் அண்ணன் ஐடியை எவனோ அடிச்சுட்டான். எவனோ என்ன எவனோ, அந்த ஈயம் பயதான், வெளிய போன காண்டுல ஹேக் பண்ணிட்டான். ஆமால, அவன்தான். கோமு எழுதினான்: வேந்தா, நீதானா? இல்லேன்னா இந்தப் பதிவைத் தூக்குதேன், அந்த டுபாக்கூரை சும்மா விடக்கூடாது. ஒட்டப் போனவள் இன்னும் ஒரு துண்டு வெட்டிவிட்டாள். போனைத் திருப்பி ஜரீனாவிடம் காட்டினாள், அவள் வாசித்தாள், சிரித்துவிட்டாள், கசப்பாகத்தான், ஆனால் நிஜமாகவே. "பாத்தியா? உண்மையச் சொன்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றாள், பெட்டியை மூடி, காகிதத்தில் இருந்த ஆணிகளை மூலை மூலையாகத் திரும்ப முடுக்கி, சோதனைத் திரையைத் திறந்து மேசைமேல் வைத்தாள். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. புள்ளி நின்றது. யாரும் தொடவில்லை, எங்கும் போகவில்லை. எழுத்தை நம்ப மாட்டார்கள், எழுத்தில்தான் வேந்தன் இருக்கிறான். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், குரல், அதை நினைத்ததுமே போட்டோ போடு என்ற பழைய வரியும் பதினாறு ப்ரோவும் ஒன்றாக வந்து நின்றன, நாளைக்கு அவள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அங்கே பதில் வராது, அவளுடைய எந்தக் கணக்கும் கணக்காக இருக்காது, அதெல்லாம் அநியாயம்தான், அதை இன்னொரு நாள் வாதாட வேண்டும், இன்றைக்கு இல்லை. கட்டைவிரலை மைக் படத்தின்மேல் வைத்தாள். ஜரீனா அதைப் பார்த்தாள். எழுந்துபோய், கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, தெருச் சத்தம்கூடக் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல் ஆனபிறகு, பெனிட்டா விரலை அழுத்தினாள், சிவப்பில் நொடிகள் ஓடத் தொடங்கின, ஒன்று, இரண்டு, மூன்று. "கோமு, ஐடியை யாரும் அடிக்கல" என்றாள், தன் சொந்தக் குரலில். "நான்தான் வேந்தன். எம் பேரு பெனிட்டா."